கண்ணாடிக்கா எண்ணிய இருபத்து மூன்று பேர்

கண்ணாடிக்கா எங்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் எண்ணுவார். மினி பஸ்ஸின் படியில் ஏறி நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்பார். உள்ளேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல்கள் வரும். எங்கள் சபை வாலிபர் முகாமின் முதல் நாளே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார். வீட்டுக்குத் திரும்பும் வரை அதுதான் எங்கள் பெயர். கண்ணைத் திறந்து எண்ணினால் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்து குழப்பிவிடும், குரல் இடம் மாறாது என்பது அவருடைய கட்சி. யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதைக்கூடக் குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

"ஒன்பது, என்ன தொண்டை கட்டியிருக்கு? ஐஸ் தின்னியா?" என்பார். ஒன்பது நான்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவங்க, நம்மளை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு எண்றாங்க பாரு," என்று பின் சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். கடையின் முன்பக்கம் விளக்கும் ஃப்ரேம்களுமாக இருக்கும். அவருடைய இடம் பின்னறை. அங்கே லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு உரசும் இயந்திரம் ஒன்று உண்டு. தண்ணீர் சொட்டச் சொட்ட அது சுற்றும்போது வெள்ளைச் சேறு தெறிக்கும். அவருடைய மேலாடையின் கைகளில் எப்போதும் அந்தச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, லென்ஸில் மையப்புள்ளி வைத்து, அது அரை மில்லிமீட்டர்கூட நகராமல் உரச வேண்டும். நகர்ந்தால் போட்டுக்கொள்பவருக்குத் தலை வலிக்கும். முப்பது வருடத்தில் அவர் செய்த கண்ணாடியைத் தலைவலி என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்று கடை முதலாளி சொல்வார்.

பதினான்கு வயதில் அவர் பள்ளிக்கூடத்தை விட்டு அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனவர். காலையிலிருந்து மாலை வரை பசை தடவும் வேலை. "வாரத்துல ஆறு நாளும் ‘ஏய்’தான். ஞாயித்துக்கிழமை வாலிபர் கூட்டத்துல மட்டும்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க," என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் வேறு ஊருக்குப் போனபோது, பொறுப்பெடுக்க வேறு யாரும் முன்வரவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது. அன்றிலிருந்து பதினைந்து வருடம் சபையின் வாலிபர் கூட்டம் அவர் கையில்தான் இருந்தது. சனிக்கிழமை மாலைகள், வருடத்துக்கு ஒரு தியான முகாம், ஒரு சேவைப் பயணம்.

அவர் கணவர் லேத் பட்டறையில் இருக்கிறார். ஆலயத்துக்கு எப்போதாவது வருவார், வாசலருகே உட்கார்ந்து முதல் ஆளாய்க் கிளம்பிவிடுவார். "பொண்ணு பார்க்கப் போனப்போ ஒருத்தியைத்தான் காட்டினாங்க. கூட இருபத்து மூணு உருப்படி வரும்னு யாருமே சொல்லல," என்பது அவருடைய பழைய நகைச்சுவை. அவர்களுக்கு ஒரே மகள். அவள் ஒரு முகாமுக்கும் வந்ததில்லை. வீட்டிலேயே கிடைக்காத அம்மாவை அங்கே போய் வரிசையில் நின்று பார்க்க வேண்டுமா என்று கேட்டாளாம். இதையும் கண்ணாடிக்காதான் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் சிரித்தோம்.

கடைசிப் பயணம் ஆறு நாட்கள். மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். அங்கிருந்து இருபது நிமிடம் பஸ்ஸில் போனால் ஒரு ஆரம்பப் பள்ளி. அதற்கு வெள்ளையடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. காலையில் போய், நாலரைக்குக் கிளம்பி, ஐந்து மணிக்கு மவுன நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எங்களில் சின்னவனுக்குப் பதின்மூன்று வயது, பெரியவர்களுக்குப் பதினேழு. பள்ளிக்குப் பின்னால், வேலியைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிறைந்து கிடந்தது. வந்த அன்றே எங்களை வேலி வரை கூட்டிப்போய், "இதுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் வச்சாலும் அன்னைக்கே வீட்டுக்கு பஸ் ஏத்திடுவேன்," என்று சொன்னார்.

அவரிடம் இன்னொரு விதி இருந்தது. பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவர்தான் அன்று இரவு எல்லோருடைய தட்டையும் கழுவ வேண்டும். இருபத்து மூன்று பிள்ளைகளைக் குறித்த நேரத்துக்குக் கிளப்ப இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

பதினேழாம் எண்காரனை நாங்கள் லேட்டு என்று கூப்பிடுவோம். பதினைந்து வயது. எதற்கும் பிந்தித்தான் வருவான். முதல் இரண்டு நாளும் அவன்தான் தட்டு கழுவினான். பதினெட்டு ஒரு பெண். அவளும் பதினைந்துதான். அவளுக்குக் கிளி என்று பெயர். யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். பாஸ்டர் ஐயா இருமிவிட்டு ஆசீர்வாதம் சொல்வது, பள்ளித் தலைமையாசிரியை மைக்கைத் தட்டிப் பார்ப்பது, கண்ணாடிக்கா தும்முவது. இரண்டாம் நாள் மவுன நேரத்தில் பாஸ்டர் குரலில் "பிரியமானவர்களே, எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்து, கண்ணாடிக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மாலை, மினி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏணியையும் பெயின்ட் டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டு சாமான் வண்டி பின்னால் கால் மணி நேரம் கழித்து வரும். லேட்டு அன்று தன் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதில் ஒரு தட்டு சுண்ணாம்பு கொட்டிவிட்டது. பிரஷ் கழுவியே நாங்கள் பள்ளியின் தொட்டியைக் காலி செய்திருந்தோம். அவன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று கிளியிடம் மெதுவாகப் பேசினான். பக்கத்து சீட்டில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"கிளி, சட்டையை அலசிட்டு சாமான் வண்டியில வந்துடறேன். என் நம்பரைச் சொல்லிடு."

"தண்ணி ஏதுடா?"

"இருக்கு. அண்ணன் பார்த்தா தோலை உரிச்சிடுவான். இன்னைக்கும் தட்டு கழுவ வச்சிடாதே, புண்ணியமாப் போகும்."

"ஒரு நாளைக்கு எனக்கும் சேர்த்து நீ கழுவணும்."

"சரி தாயே."

கண்ணாடிக்கா படியில் ஏறினார். கண்ணை மூடினார். குரல்கள் வரிசையாக வந்தன. பதினாறுக்கு அப்புறம் கிளி, உடைந்துகொண்டிருக்கும் அந்தப் பையன் குரலில், கொஞ்சம் மூச்சு வாங்குவது போலப் "பதினேழு" என்றாள். உடனே தன் குரலில் "பதினெட்டு" என்றாள்.

"என்னடா பதினேழு, இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டே? மழை வரப்போகுது," என்றார் கண்ணாடிக்கா.

பஸ் முழுக்கச் சிரித்தது. தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

மவுன நேரத்தில் யாரும் பேசக்கூடாது. ஐந்திலிருந்து ஏழு வரை ஆளுக்கொரு மரத்தடி, ஆளுக்கொரு நோட்டுப்புத்தகம். ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். "ரத்தம் வந்தா மட்டும் பேசலாம். அதுவும் ஒரு டம்ளருக்கு மேல வந்தா," என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணாடிக்கா கட்டிடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஐந்து மணி கழிந்து சில நிமிடத்தில் சாமான் வண்டி வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். இது கிளியின் மரத்தடியிலிருந்து தெரிந்தது. அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, எழுந்து, படிக்கட்டின் அருகே போய்க் கையைத் தூக்கினாள். கண்ணாடிக்கா கண் திறந்து பார்த்தார். முந்தின நாள் நடந்தது அவருக்கு மறந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்து, அவளுடைய மரத்தைக் காட்டினார். கிளி வாயைத் திறந்தாள். அவர் விரலை எடுக்கவில்லை. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அப்போது மணி ஐந்து பத்து. படிக்கட்டுக்கு எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது.

ஏழு மணிக்கு மணியடித்த பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். மறுநாள் காலையில் அவனைக் குவாரியிலிருந்து எடுத்தார்கள். அலசிய சட்டை மேலே ஒரு பாறையில் விரித்தபடி காய்ந்திருந்தது. குவாரியின் சுவர் எல்லாப் பக்கமும் செங்குத்து. அவனுடைய பத்து விரல்களின் நுனியும் தேய்ந்திருந்தன.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. சபையில் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் எல்லோரையும் பெற்றோரோடு ஆலயத்துப் பின்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கமிட்டியைச் சேர்ந்த ஐந்து பேர், பாஸ்டர், லேட்டுவின் அம்மா, அப்பா. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அப்பா துணிக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவர். யாரும் தொடங்குவதற்கு முன்னால் அம்மாதான் பேசினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நீங்க கிளம்பறப்போ நம்பர் சொல்லித்தான் கிளம்புவீங்க. அவனே வந்து என்கிட்ட சொல்லியிருக்கான். அவன் வண்டியில இல்லை. அப்ப அவன் நம்பர் வராம எப்படிக் கிளம்பினீங்க? இங்க யாருக்காவது தெரியுமா?"

கிளி என் வலப்பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்திருந்தாள். அவள் எழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் கண்ணாடிக்கா எழுந்துவிட்டார்.

"அன்னைக்கு நான் எண்ணல," என்றார்.

"எண்ணலையா?"

"தலைவலி. எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நினைச்சேன். எண்ணாம வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன்."

"பதினஞ்சு வருஷமா எண்ணினே. என் பிள்ளை வந்த அன்னைக்கு எண்ணல."

"ஆமா."

பாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளைங்களா, நீங்க யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். கண்ணாடிக்கா எண்ணினார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பதினேழு என்ற குரல் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கண்ணாடிக்கா நின்றுகொண்டே எங்களை ஒரு சுற்று பார்த்தார். பேசாமல் இருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

"உண்மையை ஒத்துக்கிட்டதுக்கு நன்றி அம்மா," என்றார் கமிட்டிச் செயலாளர். எல்லோர் மூச்சும் சற்றுச் சீரானது. ஒரு ஆள், ஒரு தவறு. அதோடு முடிந்தது.

அன்று வீட்டில் கண்ணாடிக்காவின் கணவர் கேட்டாராம்: "நீ எண்ணலையா? குழாய்ல தண்ணி சொட்டினாக்கூட எத்தனை சொட்டுன்னு எண்ணுவே. நீயா எண்ணல?"

"விடுங்க."

"யாரைக் காப்பாத்தறே?"

"ஒரு சின்னப் பொண்ணை. மேல கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் மனைவியைப் பார்த்தும் பாராமலும் போனவர்களிடம் வாக்குவாதமும் செய்யவில்லை. வாலிபர் கூட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள், ‘அந்தம்மா’ தொடாத கண்ணாடியாக வேண்டும் என்று கேட்டார்களாம். முதலாளி அவரைக் கடையின் முன்பக்கம் வர வேண்டாம் என்று சொன்னார். அவர் முன்பக்கம் வருவதே அபூர்வம்தான். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு அந்தப் பின்னறை வேறு மாதிரி ஆகிவிட்டது.

கிளி பள்ளிக்கு வந்தாள். ஆசிரியர் கேட்டால் பதில் சொல்வாள். மற்றபடி பேச மாட்டாள். யார் குரலையும் பேசிக் காட்டச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவளுடைய சொந்தக் குரலே ஏதோ இரவல் வாங்கியது போலத் தட்டையாகிவிட்டது.

எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவள் கண்ணாடிக் கடையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். கண்ணாடிக்கா இயந்திரத்தில் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் போய்ச் சொல்லப்போறேன்க்கா."

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

"வேண்டாம்மா. அது முடிஞ்சுபோச்சு."

"யாருக்கு முடிஞ்சுது? என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டலக்கா. எங்கம்மா எனக்கு டானிக் வாங்கித் தர்றாங்க. கூடப் படிச்சவன் போயிட்டானே, பாவம், மனசு தாங்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. அதைக் கேட்டுக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன்."

"நீ குழந்தை. உனக்கு என்ன தெரியும்? அவன் கேட்டான், சொன்னே. அதை வெளியில சொன்னா உன்னை உயிரோட விடுவாங்களா இந்த ஜனங்க? அதுக்குத்தான் நான்—"

"அதுக்கு மட்டும்தானா?"

கண்ணாடிக்கா திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு பத்துக்கு நான் உங்ககிட்ட வந்தேன்," என்றாள் கிளி. "கை தூக்கினேன். நீங்க வாயில விரலை வச்சீங்க. எண்ணலன்னு நீங்க சொன்னதும் எல்லாம் நாலரைக்கே முடிஞ்சுபோச்சு. அஞ்சு பத்தைப் பத்தி அப்புறம் யாரும் கேக்கவே இல்லை."

லென்ஸ் கையிலிருந்து நழுவி, இயந்திரத்தின் தட்டில் விழுந்து விளிம்பு உடைந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

இதையெல்லாம் பின்னாளில் என்னிடம் சொல்லும்போது அவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். "அவ சொல்ற வரைக்கும் நான் அதை அப்படி நினைச்சதே இல்லை. சத்தியமா," என்றார். பிறகு, "சத்தியம்னு சொல்றேன். அதுவும் நிஜமான்னு எனக்குத் தெரியல," என்றார்.

இருவரும் அன்று மாலையே போனார்கள். லேட்டுவின் வீடு மூன்றாம் மாடி, இரண்டே அறை. அவன் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றிக் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க ஈரத்தரையில் நிற்கிற வேலை. கண்ணாடிக்காவைப் பார்த்ததும் எழ முயன்றவர், எழாமல் உட்கார்ந்துகொண்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

கிளி நின்றபடியே சொன்னாள். சட்டை, ஜன்னல், அவன் கேட்டது, அவள் சொன்னது. ஒரு இடத்திலும் அழவில்லை.

"அவன்தான் சொல்லச் சொன்னானா?"

"ஆமா ஆன்ட்டி. தட்டு கழுவணுமேன்னு."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்து போனது. "வீட்டுல ஒரு டம்ளரை நகத்தி வைக்க மாட்டான்," என்றார். பிறகு கிளியை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று கிளி காத்திருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. உங்கம்மா தேடுவாங்க."

"ஆன்ட்டி, இன்னும் ஒண்ணு இருக்கு."

"அதை நான் சொல்றேன். நீ போம்மா," என்றார் கண்ணாடிக்கா.

கிளி படியிறங்கும் சத்தம் அடங்கியது. அதன் பிறகு கண்ணாடிக்கா, எண்ணியதையும், குரலை நம்பியதையும், ஐந்து பத்தையும் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"அங்கேருந்து குவாரிக்கு எவ்வளவு தூரம்?"

"வண்டியில இருபது நிமிஷம்."

"அஞ்சரைக்குப் போயிருப்பீங்க."

"ஆமா."

"அவன் விரலை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நான் கழுவினேன்." அவர் தண்ணீரிலிருந்து காலை எடுத்து, துடைக்காமல் தரையில் வைத்தார். "எங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன், இப்படி ஆகறதுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சுத் தொங்கியிருப்பான்னு. சொல்ல முடியாதும்மா, பத்து நிமிஷமும் இருக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேலயும் இருக்கலாம்னாரு. நான் பத்து நிமிஷம்னு வச்சுக்கிட்டேன். நாலு நாப்பதுக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்னு வச்சுக்கிட்டேன். எட்டு மாசமா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். இப்ப வந்து அஞ்சரைங்கறே."

அம்மா கண்ணாடிக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு வந்து சொன்னே?"

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்க. யாருக்காவது தெரியுமான்னு."

"கேட்டேன்தான்." பேசினை ஓரமாகத் தள்ளினார். "நாளைக்கு வா. அவரு இருப்பாரு. அவர்கிட்டயும் நீயே சொல்லு. என்னால சொல்ல முடியாது."

மறுநாள் போகும் வழியில் கண்ணாடிக்கா பாஸ்டர் வீட்டில் ஏறி, நடந்ததை எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தார். பாஸ்டர் நின்றுகொண்டே படித்தார்.

"அம்மா, அவங்க இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்றாங்க. இதனால யாருக்கு நல்லது?"

"நல்லதுன்னு நான் சொல்லல பாஸ்டர்."

"அப்ப?"

"கமிட்டியில வாசிச்சிடுங்க. எண்ணலன்னு நோட்டுல எழுதியிருக்கீங்க. அது பொய்."

அவர் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து லேட்டு வீட்டு வாசலில் விட்டார். "மேல வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அப்பா நாற்காலியில் இருந்தார். இஸ்திரிச் சூட்டில் கைகள் முழங்கை வரை பளபளவென்றிருந்தன. அம்மா உள்ளறையின் வாசலில் நின்றார். கண்ணாடிக்கா முந்தின நாள் சொன்னதையே திரும்பச் சொன்னார். கிளி குரல் கொடுத்ததையும், அது அவன் கேட்டுக்கொண்டதுதான் என்பதையும், எதையும் கூட்டாமல் குறைக்காமல். ஐந்து பத்து வந்தபோது அப்பா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பொண்ணு திரும்பிப் போய் உட்கார்ந்துட்டா."

"ஆமா."

"அதுக்கப்புறம் ஏழு மணி வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"ரெண்டு மணி நேரமா?"

"ஆமா. ஒவ்வொரு பிள்ளைக்காகவும், பேர் சொல்லிப் பண்ணுவேன். அந்த நேரம் அதுக்காகத்தான் வச்சிருந்தேன்."

அவர் மேலும் எதுவும் கேட்க மாட்டார் என்று தோன்றியது. ஆனால் கேட்டார்.

"எங்க பையனுக்கும் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"என்னன்னு?"

கண்ணாடிக்கா சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி ஒரு எண்ணம் வந்ததாகவும் என்னிடம் சொன்னார்.

"எல்லாத்துக்கும் பிந்தி வர்றானே, அவனுக்குப் பொறுப்பைக் குடுங்க ஆண்டவரேன்னு."

அப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கா வெளியே வந்தார். படியிறங்கத் தொடங்கிய பிறகும் மேலே கதவு மூடப்படவில்லை. இரண்டாம் மாடி திருப்பத்தில் அம்மாவின் குரல் கேட்டது. கணவரிடம் மணி என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஞாயிறும் வேலை உண்டு, அவர் கிளம்பும் நேரம்.